வால்தலையன்

என் தம்பி அரவிந்த்குமார் என்னோடு பேச்சை விட்டதற்குக் காரணம் ஒரு பத்திரிகை. சொத்துச் சண்டை என்றாலாவது கௌரவமாக வெளியில் சொல்லிக்கொள்ளலாம். பத்திரிகையில் பெயர் போட்ட வரிசைக்காகக் கூடப்பிறந்தவளோடு பேசாமல் இருக்கிறான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "பின்னே, தாய்மாமன் பேரை அங்கிட்டா கொண்டு போயிப் போடுவீங்க?" என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

திருக்கோகர்ணத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடி போனபோது அடித்த பத்திரிகை அது. என் வீட்டுக்காரர் சோலையப்பன் பிளெக்ஸும் பத்திரிகையும் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற மனுஷர், சொந்த வீட்டு விசேஷத்துக்கு வாயைத் திறக்கவில்லை. அவருடைய பெரியப்பா திருப்பதி, எனக்குப் பெரிய மாமா, 'தங்கள் நல்வரவை நாடும்' என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தார். அவருடைய பங்காளிகள், பங்காளி வீட்டு மாப்பிள்ளைகள், சென்னையில் இருக்கும் யாரோ ஒரு சம்பந்தி எல்லாரும் வந்து முடிந்த பிறகு, பந்தல்காரர் பெயருக்கு ஒரு வரி மேலே என் தம்பி பெயர் இருந்தது. அன்றைக்குச் சீர்த்தட்டோடு வந்தான். பால் பொங்கும் வரை நின்றான். பந்தியில் உட்காராமல் கறம்பக்குடி பஸ் ஏறிவிட்டான். இலையில் கை வைக்காமல் போவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

பிறகு போனில் ஒரே மூச்சில் சொன்னான். "சொந்தக் கடையில அடிச்ச பத்திரிகை அக்கா. ஒரு பேரை மேல தூக்கி வைக்க மவுஸை ஒரு இழு இழுத்தாப் போதும். அதுக்குக்கூட மச்சானுக்கு நான் ஆகாத ஆளாயிட்டேன்."

நான் சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "நீ என்ன பெரிய கலெக்டரா?" என்று கேட்டேன். கோபம் வந்தால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவன் போனை வைத்தான். அதோடு சரி.

எங்கள் இருவரையும் பற்றி யாருக்காவது புரிய வைக்க வேண்டுமென்றால் நான் ஒரு எண்ணைத்தான் சொல்ல வேண்டும். நான் ஏழாம் வகுப்பும் அவன் நாலாம் வகுப்பும் முடித்திருந்த கோடை லீவு. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஒரு வார இதழின் சிறுவர் பக்கத்தில் புதிர் ஒன்று வந்திருந்தது. ஒரு முழு எண் இருக்கிறது. அதன் கடைசி இலக்கம் இரண்டு. அந்த இரண்டைத் தூக்கி எண்ணுக்கு முன்னால் வைத்தால் எண் சரியாக இரண்டு மடங்காகிவிடும். அது எந்த எண்? விடை அடுத்த வாரம் என்று போட்டிருந்தார்கள். அடுத்த வாரத்தோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த இதழை நிறுத்திவிட்டார்கள்.

விடுவோமா? பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதிப் பார்க்க ஆரம்பித்தோம். பன்னிரண்டு. இரண்டை முன்னால் வைத்தால் இருபத்தொன்று; இரண்டு மடங்கு இருபத்து நாலு. இல்லை. இருபத்திரண்டு, முப்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று ஆயிரம் வரைக்கும் போனோம். அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ மறுபடி எழுதினோம். அப்படி ஒரு எண்ணே கிடையாது, பத்திரிகைக்காரன் ஏமாற்றுகிறான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அரவிந்த் மட்டும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நாம தலையிலேர்ந்து தேடுறோம். வாலைப் புடிப்போம்" என்றான்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கக் கூடாது என்பார்கள். இந்தக் கணக்கில் மட்டும் வாலைப் பிடித்தால்தான் மாடு வீடு வந்து சேரும். அவன் சொன்னது இவ்வளவுதான்: எண் இரண்டில் முடிகிறது, ஆகவே அதன் இரண்டு மடங்கு நாலில் முடியும். ஆனால் அந்த இரண்டு மடங்கு என்பது கடைசி இரண்டை மட்டும் எடுத்து முன்னால் வைத்த பழைய எண்தானே? அப்படியானால் பழைய எண்ணில் இரண்டுக்கு இடப்பக்கம் நாலு இருந்தாக வேண்டும். நாற்பத்திரண்டு. அதன் இரண்டு மடங்கு எண்பத்து நாலு, ஆகவே அடுத்து எட்டு. எட்டின் இரண்டு மடங்கு பதினாறு, ஆறை எழுதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள். ஆறின் இரண்டு மடங்கு பன்னிரண்டு, கையில் இருக்கும் ஒன்றோடு பதின்மூன்று. மூன்றை எழுதி ஒன்றைக் கையில் வை. இப்படியே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக நடந்துகொண்டே போனால், என்றாவது ஒருநாள் மறுபடி இரண்டு வரும். வந்தால் எண் முடிந்தது.

நான் எழுத, அவன் பெருக்கினான். பன்னிரண்டாவது இலக்கமாக ஒன்று வந்ததும் நான் சாக்பீஸைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தேன். ஒன்றின் இரண்டு மடங்கு இரண்டு, முடிந்துவிட்டது!

"இல்லக்கா. கையில ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான்.

இருந்தது. அந்த ஒன்றைச் சேர்த்தால் இரண்டு இல்லை, மூன்று. நான் முறைத்துக்கொண்டே சாக்பீஸைத் தேடி எடுத்து வந்தேன். பதினைந்தாவதாக இரண்டே வந்தது, அப்போதும் கையில் ஒன்று பாக்கி. பதினெட்டாவது இலக்கத்தில் மறுபடி ஒரு ஒன்று வந்தது. இந்தத் தடவை கையில் எதுவும் பாக்கி இல்லை. தரையில் நீளமாகக் கிடந்தது அது:

105263157894736842

வாலில் இருந்த இரண்டைத் தலையில் வைத்தோம்: 210526315789473684. பெருக்கிப் பார்த்தோம். சொன்னது போலவே இரண்டு மடங்கு. ஆயிரம் கோடிக் கோடிக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற எண் அது. அதற்குக் கீழே அந்த வித்தை தெரிந்த எண் ஒன்றுகூடக் கிடையாது என்பது பிற்பாடு படித்தபோது தெரிந்தது. நாங்கள் ஆயிரம் வரைக்கும் தேடி அலுத்திருந்தோம்! அதற்கு 'வால்தலையன்' என்று அரவிந்த் பெயர் வைத்தான். மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. இரண்டில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போனால் அவனே வரிசையாக வந்துவிடுவான்.

அவன் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு மூச்சு வாங்கினான். இரண்டைப் பத்தொன்பதால் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு வால்தலையன்தான் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறானாம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எந்த எண்ணால் பெருக்கினாலும் அதே பதினெட்டுப் பேர், அதே வரிசை, ஆரம்பிக்கிற ஆள்தான் வேறாம். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து அவன் சொன்னது. வால்தலையனை நடுவில் பாதியாக உடைத்து, ஒரு பாதியை இன்னொரு பாதிக்குக் கீழே வைத்தால், ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் ஒன்பது. ஒன்றுக்கு நேராக எட்டு, பூஜ்யத்துக்கு நேராக ஒன்பது, ஐந்துக்கு நேராக நாலு. "மேல எது கொறையுதோ அது கீழ இருக்குக்கா" என்றான். கணக்குப் படித்தவர்கள் பாசத்தை இப்படித்தான் சொல்வோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் இப்போது தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவன் கறம்பக்குடியில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறான். வீடு குடி போன நாளுக்குப் பிறகு அந்தக் கறம்பக்குடி எனக்கு அமெரிக்காவாகிவிட்டது.

இந்த வருடம் என் மகள் அன்புமொழிக்கு ஐந்து வயது. முதல் மொட்டை அவன் மடியில்தான் போட்டோம். மூன்று வயதில் காது குத்தியிருக்க வேண்டும். சண்டையில் அது நின்று போனது. காது குத்த ஒற்றைப்படை வயதுதான் ஆகும். ஐந்தையும் விட்டால் ஏழு. வைகாசியில் குலதெய்வம் அய்யனார் கோயிலில் நாள் குறித்தோம். தாய்மாமன் மடி வேண்டும். அது யாருடைய மடி என்பதில்தான் வீட்டில் வழக்கு.

"ஒன் சித்தப்பன் மகன் மதுரைவீரன் மீமிசல்ல இருக்காருல்ல. அவரும் ஒனக்குத் தம்பிதான? அவரு மடியில வச்சுக் குத்திருவோம்த்தா" என்றார் பெரிய மாமா.

"எந்தம்பி மடி இல்லேன்னா எம்மகளுக்குக் காது குத்தவே வேணாம் மாமா. ஓட்டை இல்லாத காதோடயே கல்யாணம் பண்ணிக் குடுக்குறேன்" என்றேன். பெரிய மாமா மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

முறைப்படி தாம்பூலத் தட்டோடு நானும் வீட்டுக்காரரும் கறம்பக்குடி போனோம். அரவிந்த் பின்வாசல் வழியாக டியூஷனுக்குப் போய்விட்டான். தட்டை அம்மாதான் வாங்கினாள். பத்திரிகையில் இந்த முறை அவன் பெயர்தான் முதலில் என்று காட்டினோம். அதற்கும் அவன் பதில் வைத்திருந்தான் என்று மறுநாள் அம்மா சொன்னாள்: "காதுகுத்துன்னா எவன் வீட்லயும் மாமன் பேரு மேலதான் இருக்கும். அது மொறை. அதுல என்ன மரியாதை இருக்கு?" அம்மா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும்டி" என்றாள். இவன் தசை ஆடியதாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் பெரிய கடிதமே எழுதி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

வால்தலையனின் வாலைத் தூக்கித் தலையில் வைக்கும் வித்தை மூன்று முறை வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் எண் இரட்டிக்கும். நாலாவது முறை வைத்தால் எண் சிறுத்துவிடும், கைவிட்டுவிடும். நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். நேரில் போனது ஒன்று, எழுதியது ஒன்று. இன்னும் ஒரே ஒரு முறை. அதற்கும் வராவிட்டால் அன்புமொழிக்குக் காதுகுத்தும் வேண்டாம், தம்பியும் வேண்டாம்.

ஒரு வெள்ளைத் தாளில் 210526315789473684 என்று எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இரண்டை முன்னால் வைத்த எண். முறைக்காக இல்லாமல், நானாக அவனைத் தூக்கி முன்னால் வைக்கிறேன் என்று அவன் ஒருவனுக்கு மட்டும் புரிகிற பாஷை.

"இதை மட்டும் பிளெக்ஸ் அடிச்சு, அவன் டியூஷனுக்கு எதிர்ல கட்டணும். படம் வேணாம், பேரு வேணாம்."

"வெறும் நம்பரைக் கட்டினா எவனுக்குப் புரியும்?"

"புரிய வேண்டியவனுக்குப் புரியும். நீங்க அடிங்க."

அவர் அடித்தார். மறுநாள் விடிகாலையிலேயே ஒரு லோடு ஆட்டோவில் போய், டியூஷனுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் சுவரில் கட்டிவிட்டு வந்துவிட்டார். பள்ளியில் முதல் இன்டர்வெல்லில் எனக்குப் போட்டோ வந்தது. பெரிய கறுப்பு எழுத்து, மஞ்சள் பின்னணி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு. வாசித்தேன். 105263157894736842.

இரண்டு வாலில் இருந்தது.

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி போனில் கத்தினேன். "ஏங்க, ரெண்டு எங்கங்க?"

"கடைசியில இருக்கே. நீ அவசரத்துல முன்னால எழுதிட்ட பிரகதா. நான் பார்த்துச் சரி பண்ணிட்டேன்." குரலில் அப்படி ஒரு பெருமை. கடைக்கு வருகிறவர்கள் எழுதித் தரும் போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார், அந்தப் பெருமை.

"ஒங்களை யாரு சரி பண்ணச் சொன்னா?"

"தப்பா இருந்துச்சு, திருத்தினேன். இதுக்கு எதுக்கு இந்தக் கத்துக் கத்துற?"

அவருக்கு எப்படி விளக்குவது? பத்திரிகையில் கடைசியில் போட்டதற்காகப் பேச்சை விட்டவன் கண்ணெதிரே, 'நீ கடைசிதான்' என்று பத்தடி நீளத்துக்கு எழுதிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கறம்பக்குடி பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பஸ் ஆலங்குடியைத் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. மூன்றாவது முறையும் போயிற்று.

நான் போய் இறங்கியபோது சைக்கிள் கடைக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. "கேரளா லாட்டரியா இருக்கும்" என்றார் ஒருவர். "ஆதார் நம்பருய்யா" என்றார் இன்னொருவர். "ஆதாருக்குப் பன்னெண்டுதான், இதுல பதினெட்டு இருக்கு" என்று மூன்றாமவர் எண்ணிச் சொன்னார். முதல் பத்து இலக்கத்தைப் போனில் அடித்துப் பார்த்த ஒருவர், அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லையாம் என்று வருத்தப்பட்டார். கூட்டத்துக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, என் தம்பி நின்றிருந்தான். இளைத்திருந்தான். கண்ணாடி மாற்றியிருந்தான். எனக்குச் சண்டை மறந்து போய், சாப்பிட்டானா என்றுதான் முதலில் தோன்றியது.

அவன் என்னைப் பார்த்தான். இத்தனை நாள் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"ஏன் அக்கா, நான் கடைசின்னு சொல்றதுக்கு இம்புட்டுப் பெரிய பிளெக்ஸா? பத்திரிகையில போட்டது பத்தலையா?"

"டேய், நான் முன்னாலதான்டா வச்சு எழுதிக் குடுத்தேன்! ஒங்க மச்சான் திருத்திட்டாருடா!"

"யாரு?"

"ஒங்க மச்சான். நான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்சு ரெண்டைக் கொண்டு போயி வால்ல வச்சுட்டாரு."

அரவிந்த் கட்டியிருந்த கையை எடுத்தான். "தப்புன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அதுவரைக்கும் நான் அதை யோசிக்கவே இல்லை. பதினெட்டு இலக்க எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று கணக்கே பிடிக்காத மனுஷருக்கு எப்படித் தெரிந்தது? என் கையிலிருந்த போனை அரவிந்த் வாங்கினான். அவனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், அரவிந்த் பேசுறேன்."

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "மாப்ள..." என்றார்.

"அந்த நம்பரு ஒங்களுக்குத் தெரியுமா? பாக்காமச் சொல்லுங்க பாப்போம்."

"ரெண்டு, நாலு, எட்டு, ஆறு, மூணு, ஏழு..." அவர் சாமி பெயர் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். எங்கும் பெருக்கவில்லை, நிறுத்தவில்லை. வாலில் ஆரம்பித்துத் தலை வரைக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை. "...ரெண்டு, அஞ்சு, சைபர், ஒண்ணு. சரிதான மாப்ள? பிரகதா எழுதிக் குடுத்ததைக் கடைசியிலேர்ந்து பாத்தா நாலுல ஆரம்பிச்சுச்சு. ரெண்டைக் காணோம். முன்னால ஓடிப் போயிருந்துச்சு. புடிச்சுக் கொண்டாந்து வச்சேன்."

"இது எதுக்கு மச்சான் ஒங்களுக்கு மனப்பாடம்?"

"ஒங்கக்கா பாப்பாவுக்குத் தலை பின்னுறப்ப தெனம் இதைத்தான் சொல்லுவா. நான் அந்த நேரம் ஷேவ் பண்ணிக்கிட்டு இருப்பேன். நீங்க பேச்சை விட்டதுலேர்ந்து ஒங்க பேரை எடுக்க மாட்டேங்குறா. யாரு எடுத்தாலும் எந்திரிச்சுப் போயிருவா. ஆனா இதைச் சொல்லாம ஒருநாளும் பின்னல் முடியாது. இது என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாது மாப்ள. ஒங்களைப் பத்தினதுன்னு மட்டும் தெரியும்."

அரவிந்த் போனை என்னிடம் நீட்டினான். முகத்தைச் சைக்கிள் கடைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தக் கடையில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு பஞ்சர் டியூப் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. நானும் அந்த டியூபையே பார்த்தேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் அவனைத் திட்டிவிடுவேன்.

பிறகு அவன் பிளெக்ஸின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"காதுகுத்துக்கு வாரியா?"

"பாப்போம்" என்றான். "சாப்ட்டுட்டுப் போ. அம்மா வீட்ல இருக்கு."

பாப்போம் என்பது எங்கள் பக்கம் வருகிறேன் என்றும் ஆகும், வரமாட்டேன் என்றும் ஆகும். அன்றிலிருந்து காதுகுத்து நாள் வரைக்கும் நான் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அய்யனார் கோயில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, ஆசாரி கம்பியும் பஞ்சும் மஞ்சளுமாகக் காத்திருந்தார். பொங்கல் இறக்கியாயிற்று. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரிய மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா காலையிலேயே தனியாக வந்துவிட்டாள், "பின்னால வாரேன்னான்" என்றாள். மதுரைவீரன் மீமிசலிலிருந்து வந்திருந்தான். யாராவது கூப்பிட்டால் உட்காரலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் அன்புமொழியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. எல்லாருக்கும் பின்னால், ஒரு கையில் சீர்த்தட்டும் கக்கத்தில் சுருட்டிய பிளெக்ஸுமாக, அவன் நின்றான். முன்னால் வரவில்லை. அழைக்காமல் வர மாட்டான், அவனை எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய மாமா எழுந்துவிட்டார்.

"மாமங்காரவுக அங்கிட்டு என்ன பண்றீங்க? வழி விடுங்கப்பா. முன்னால வாங்க தம்பி, நீங்க வந்தாத்தான இங்க ஆரம்பிக்கவே முடியும்."

கூட்டம் ஒதுங்கியது. கடைசியில் நின்றவன் முன்னால் வந்தான். ஜமுக்காளத்தின் மேல் பிளெக்ஸை விரித்தான். வாலில் இருந்த இரண்டைப் பிளேடால் வெட்டி எடுத்து, தலையில் ஒட்டியிருந்தான். ஒட்டிய இடம் கொஞ்சம் கோணல். பெரிய மாமா "இது என்ன நம்பரு?" என்று கேட்டார். "விரிச்சு உக்காருறதுக்கு மாமா" என்று சொல்லிவிட்டு அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அன்புமொழியை அவன் மடியில் வைத்தேன். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மூன்று வயதில் பார்த்த மாமா, அவளுக்கு எப்படி நினைவிருக்கும்? ஆசாரி கம்பியை எடுத்ததும் உடம்பை முறுக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தாள். "அம்மா, இந்த அங்கிள் வேணாம்" என்று கத்தினாள். அந்த ஒரு வார்த்தையில் என் தம்பியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ரெண்டு" என்றான்.

அன்புமொழி கத்துவதை நிறுத்தினாள். "நாலு" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"எட்டு" என்றான் தம்பி.

"ஆறு." இது தெரியாதா என்கிற மாதிரி சொன்னாள்.

மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மூன்று, ஏழு, நாலு, ஒன்பது. ஆசாரி தொழில் தெரிந்தவர், அவள் காது அசையாத நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு, ஏழு, ஐந்து. பன்னிரண்டாவதாக அவள் "ஒண்ணு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கம்பி ஏறிவிட்டது. ஒரு நொடி கழித்துத்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே மடியிலிருந்து இறங்கப் போனாள். "குத்தியாச்சு! முடிஞ்சிருச்சு! எறக்கி விடு!"

"இல்லத்தா" என்றான். "கையில ஒண்ணு பாக்கி இருக்கு."

அன்புமொழி மூக்கை உறிஞ்சினாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "மூணு" என்று கோபமாகச் சொன்னாள். என் மகள்தானே.

மற்றக் காதும் முடிந்தது. கடைசி ஒன்றையும் சொல்லியாயிற்று. "அப்புறம்?" என்று கேட்டான். "அப்புறம் மறுபடி ரெண்டுதான். ஒனக்குத் தெரியாதா மாமா?" என்றாள்.

முதல் பந்திக்குப் பெரிய மாமாவே வந்து கூப்பிட்டார். தலைவாழை இலை, முதல் இடம், மாப்பிள்ளை வரிசைக்கும் மேலே. அரவிந்த் எழுந்திருக்கவில்லை. அன்புமொழி அவன் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள், இரண்டு காதும் சிவந்து கிடந்தன. அவன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"நீங்க வந்தவுகளைக் கவனிங்க மாமா" என்றான் என் தம்பி. "வீட்டு ஆளு கடைசிப் பந்தியிலதான உக்காரணும். நான் அக்காவோட சாப்புட்டுக்கிறேன்."